ஆட்டுக்கல் குழியில் எட்டு நாள்: வீட்டுக் கொசுப்புழுவை ஏன் எண்ணுகிறார்கள்?

மழை விட்டு நாலு நாள் ஆனால் போதும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஒரே கேள்விதான் கேட்கும். "புகை மருந்து எப்போ அடிப்பாங்க?" வார்டு உறுப்பினரைக் கண்டாலும் அதுதான், குப்பை வண்டியோடு வருபவரைக் கண்டாலும் அதுதான். "தொட்டியைப் பார்க்க எப்போ வருவாங்க?" என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அப்படிப் பார்க்க வருகிறவர் வந்து நின்றால், பாதி வீடுகளில் கேட்டுக்கு வெளியிலேயே பேச்சு முடிந்துவிடும். "எங்க வீடு சுத்தமாத்தான் இருக்கு, நீங்க அடுத்த வீட்டப் பாருங்க."

டெங்குவைப் பொறுத்தவரை நம்மைக் காப்பாற்றுவது புகைவண்டியைவிட அந்த டார்ச் லைட்டோடு வருகிற ஆள்தான். அவர் என்ன தேடுகிறார், தேடியதை எழுதி வைத்து என்ன செய்கிறார்கள், அந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தெரிந்தால் கதவைத் திறக்க நமக்கே மனம் வரும்.

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து மக்களுக்குக் கொசு என்றதும் முதலில் சாக்கடைதான் நினைவுக்கு வரும். அதற்குப் பழைய காரணம் உண்டு. இந்தக் கரையோரம் யானைக்கால் நோயைப் பல தலைமுறைகளாகப் பார்த்த பகுதி. அந்த நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு தேங்கிய கழிவுநீரில் முட்டையிடும், இரவில் கடிக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் புதுச்சேரியில் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுப் பக்கம் போகிறவர்கள் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரத்தில் யானைக்கால் கொசுவைக் கட்டுப்படுத்த அந்த மையம் நடத்திய திட்டம், கொசு பிறக்கும் நீர்நிலைகளைத் தேடிப்போய் மாற்றுவதையே பெரிய வேலையாக எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்து நினைவு இன்னும் நம்மிடம் இருக்கிறது. கொசு கடித்தால் வாய்க்காலைக் குறை சொல்வோம், நகராட்சியைக் குறை சொல்வோம். யானைக்காலுக்கு அது பொருந்தும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்கு அது பொருந்தாது. காலில் வெள்ளை வளையமும் முதுகில் வெள்ளைக் கோடுகளும் கொண்ட இந்தக் கறுப்புக் கொசு பகலில் கடிக்கும். காலை விடிந்து சில மணி நேரமும், மாலை பொழுது சாய்வதற்கு முன்னாலும் அதற்கு உச்ச நேரம். குழந்தைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும், வந்து சீருடையைக் கழற்றும் நேரமும் அதுதான். ராத்திரி வலை கட்டிப் படுத்தால் இதிலிருந்து தப்ப முடியாது. கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் துணிகளுக்குப் பின்னால், பீரோ ஓரத்தில் என்று இருட்டான இடத்தில் உட்கார்ந்திருக்கும். தன் ஆயுள் முழுக்க நூறு, இருநூறு மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். உங்கள் வீட்டில் ஒரு ஏடிஸ் கொசு இருக்கிறது என்றால், அது பிறந்தது உங்கள் வீட்டிலோ உங்கள் தெருவிலோ தான்.

முட்டையிடவும் அது சாக்கடைக்குப் போவதில்லை. நாம் குடிக்கவும் குளிக்கவும் பிடித்து வைத்திருக்கும் தண்ணீருக்கோ, மழை நிரப்பிவிட்டுப் போன கொட்டாங்குச்சிக்கோதான் வரும். ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை இடும். அத்தனையையும் ஒரே இடத்தில் இடாமல், நாலைந்து இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து இடும். ஒரு டிரம்மை நாம் கவிழ்த்தாலும் அதன் குடும்பம் இன்னும் மூன்று இடங்களில் பிழைத்திருக்கும்.

முட்டை இருக்கும் இடத்தைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஏடிஸ் தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உள்சுவரில் ஒட்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கறுப்புப் புள்ளிகள். சிமென்ட் தொட்டியின் சொரசொரப்பில் அவை பாசியா அழுக்கா என்றுகூடத் தெரியாது. தண்ணீர் வற்றிப் போனாலும் அந்த முட்டை சாகாது. காய்ந்தபடியே மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரியும். சித்திரையில் காய்ந்து கிடந்த தொட்டியில் ஐப்பசி மழைக்கு வரும் புழு, புதிதாக வந்த கொசுவின் பிள்ளையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. முன்பு ஒட்டி வைத்த முட்டையே போதும்.

"தண்ணிய கீழ ஊத்திட்டோமே, அப்புறம் எப்படிப் புழு வந்துச்சு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். ஊற்றினால் புழு போகும், முட்டை போகாது. உள்சுவரைத் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ அழுத்தித் தேய்க்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் இன்னும் நல்லது.

பொரிந்த புழு நான்கு முறை வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, கொசுவாகிப் பறக்க நம் ஊர் வெயிலுக்கு ஏழெட்டு நாள் ஆகும். அதில் கடைசி இரண்டு நாள் கூட்டுப்புழு. வாரம் ஒருநாள் தொட்டியைக் காய வைக்கச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். பத்து நாளைக்கு ஒருமுறை கழுவுகிற வீட்டில் அதற்குள் ஒரு தலைமுறை பறந்து போயிருக்கும். ஏழு நாளுக்கும் பத்து நாளுக்கும் நடுவில் இருக்கும் அந்த மூன்று நாளில்தான் எல்லாம் நடந்துவிடுகிறது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூரைச் சுற்றிய ஊர்களில் வெள்ளம் புகுந்தது. பெருவெள்ளம் புழுவையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்பது ஓரளவுக்கு உண்மை. ஆனால் வெள்ளம் வடிந்ததும் தெருவெல்லாம் கிடந்த தெர்மகோல் பெட்டி, உடைந்த வாளி, கவிழாத பிளாஸ்டிக் டப்பா எல்லாமே புதுத் தொட்டிகள். தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் கரையேற்றி நிறுத்திய படகுகளின் அடியில் நின்ற மழைநீரும் அப்படித்தான். உப்புக்காற்று அடிக்கும் கடற்கரையில் இந்தக் கொசு வளராது என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில் லேசான உப்புத் தண்ணீரிலும் ஏடிஸ் புழு வளர்வதை ஆராய்ச்சியாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

அந்த டிசம்பரில், புயல் போன இரண்டாவது வாரம், எங்கள் வீட்டுக்குக் கொசுப்புழு பார்க்க ஓர் அம்மா வந்தார். தோளில் ஒரு பை, கையில் டார்ச், ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கப், ஒரு நோட்டு. நான் நம்பிக்கையாகவே உள்ளே அழைத்தேன். சிந்தெடிக் டிரம் இரண்டையும் முந்தின நாள்தான் தேய்த்து வைத்திருந்தோம். ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டை அவரே இழுத்துப் பார்த்தார், காய்ந்திருந்தது. குளியலறை வாளி, பூந்தொட்டித் தட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, எல்லாம் சரி. அப்புறம் கொல்லைக்குப் போய், முருங்கை மரத்தடியில் கிடந்த பழைய ஆட்டுக்கல்லுக்கு முன்னால் குனிந்தார். மிக்சி, கிரைண்டர் வந்த பிறகு பதினைந்து வருஷமாக யாரும் தொடாத கல். குழவி எங்கே போனதென்றே தெரியாது. குழியில் ஒரு சொம்பு அளவுக்கு மழைத் தண்ணீர், அதில் நாலு முருங்கை இலை.

"டார்ச்ச அடிக்கும்போது பாருங்க" என்றார். வெளிச்சம் பட்டதும் தண்ணீருக்குள் ஏதோ சிலிர்த்தது. மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் வெளிச்சத்துக்குப் பயந்து உடம்பை நெளித்து நெளித்து அடிக்கு இறங்கின. ஒரு நிமிஷம் டார்ச்சை அணைத்தார். ஒவ்வொன்றாக மேலே வந்து, வால் முனையில் இருக்கும் குட்டைக் குழாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துக்கொண்டு தொங்கின. அந்தக் குழாயால்தான் அவை மூச்சு விடுகின்றன. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் புழுவுக்குக் குழாய் கிடையாது, அது தண்ணீர் மட்டத்தோடு படுத்தாற்போல் கிடக்கும். கியூலெக்ஸ் புழுவின் குழாய் நீளம். இந்தக் குட்டைக் குழாயையும் வெளிச்சத்தைக் கண்டு ஓடுவதையும் வைத்து, பழகிய கண்ணுக்குக் கொல்லையில் நின்றபடியே ஏடிஸ் என்று பிடிபட்டுவிடும்.

வெள்ளைக் கப்பில் கொஞ்சம் மொண்டு எங்கள் அம்மாவிடம் காட்டினார். புழுக்களுக்கு நடுவில், காற்புள்ளி மாதிரி வளைந்து தலை பெருத்து இரண்டு மூன்று கிடந்தன. "இது கூட்டுப்புழும்மா. இது நாளைக்கோ நாளன்னிக்கோ பறந்துரும். இதுக்கு மருந்து ஊத்தியும் பிரயோஜனம் இல்ல." எங்கள் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆட்டுக்கல்லைக் கவிழ்க்க முடியாது, இரண்டு ஆள் தூக்கும் கனம். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து வெயில் படும் மண்ணில் பிழியச் சொன்னார். குழியைத் தேய்த்துவிட்டு மணலால் நிரப்பி மூடச் சொன்னார். பிறகு நோட்டில் எழுதினார்: பார்த்த பாத்திரம் 11, புழு இருந்தது 1.

அந்த 11, 1 எங்கே போகிறது என்று பார்ப்போம்.

ஒரு பகுதியில் 100 வீடு பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் உள்ள பாத்திரம், தொட்டி, கொட்டாங்குச்சி எல்லாம் சேர்த்து 400. எட்டு வீட்டில் புழு இருக்கிறது, அந்த எட்டு வீட்டிலும் சேர்த்துப் பன்னிரண்டு பாத்திரத்தில். நூற்றுக்கு எட்டு வீடு என்பதால் வீட்டுக் குறியீடு 8. நானூறில் பன்னிரண்டு என்பதால் கலன் குறியீடு 3. நூறு வீட்டுக்குப் பன்னிரண்டு பாத்திரம் என்பதால் பிரெட்டோ குறியீடு 12. கடைசியாகச் சொன்னதற்கு 1950களில் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்த பிரெட்டோவின் பெயர் வைத்திருக்கிறார்கள். மஞ்சள் காய்ச்சலையும் இதே ஏடிஸ் கொசுதான் பரப்பும். இந்தக் குறியீடு 5க்குக் கீழே இருந்தால் மஞ்சள் காய்ச்சல் பரவும் ஆபத்து குறைவு, 50ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோல் வைத்தது. டெங்குவுக்கும் அதே அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். ஆனால் டெங்கு அதற்கு அவ்வளவாக அடங்கவில்லை.

சிங்கப்பூர் இதற்குப் பெரிய உதாரணம். 1960களின் நடுவில் அங்கே கிட்டத்தட்டப் பாதி வீடுகளில் ஏடிஸ் புழு இருந்தது. 1968இல் சட்டம் போட்டு, வீடு வீடாகப் பார்த்து, அபராதம் போட்டு அதை ஒன்றிரண்டு சதவீதத்துக்கு இறக்கினார்கள். சில வருஷம் டெங்கு அடங்கியும் இருந்தது. 1990களில் மறுபடி தலைதூக்கியது. 2005இல் மட்டும் 14,000 பேருக்கு மேல் காய்ச்சல். புழு உள்ள வீடு நூற்றுக்கு ஒன்றிரண்டுதான், ஆனாலும் நோய் பரவியது. கொசு குறைந்ததால் பல வருஷம் மக்களுக்கு நோய் தொற்றவில்லை, அதனால் நோய் எதிர்ப்புச் சக்தியும் இல்லாமல் போயிற்று, பிறகு கொஞ்சம் கொசுவே போதுமானதாகிவிட்டது என்பது ஒரு காரணம். வீட்டுக்கு வெளியே, வேலை செய்யும் இடத்திலும் பள்ளியிலும் கடி வாங்கியது இன்னொரு காரணம்.

இதை வைத்துக்கொண்டு புழுக் கணக்கு வீண் என்று சொல்ல மாட்டேன். கணக்கு எதை விட்டுவிடுகிறது என்று பார்க்கத்தான் இது உதவும். மேலே சொன்ன பன்னிரண்டு பாத்திரத்தில் பதினொன்று கொட்டாங்குச்சியும் டப்பாவும், ஒவ்வொன்றிலும் மூன்று நாலு புழு. பன்னிரண்டாவது ஒரு சிமென்ட் தொட்டி, அதில் இருநூறு கூட்டுப்புழு. கலன் குறியீட்டுக்கு இரண்டும் ஒன்றுதான், ஒவ்வொன்றும் 'ஒன்று'. ஆனால் அந்தத் தெருவை அடுத்த வாரம் கடிக்கப் போகும் கொசுவில் பெரும்பங்கு அந்த ஒரே தொட்டியிலிருந்து வரும். புழுக்களில் பலது வழியிலேயே செத்துப் போகும். கூட்டுப்புழு வரை வந்துவிட்டால் ஏறக்குறைய எல்லாமே பறந்துவிடும். அதனால் கூட்டுப்புழுவைத் தனியாக எண்ணி, வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதோடு சேர்த்துப் பார்ப்பது மேல் என்று பூச்சியியல் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். எந்த வகைப் பாத்திரம் ஓர் ஊரின் கொசுவில் பாதியை உற்பத்தி செய்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், இருக்கிற ஆட்களை அங்கே விடலாம். ஓர் ஊரில் அது சிமென்ட் தொட்டியாக இருக்கும், இன்னோர் ஊரில் டயராக இருக்கும், கட்டடம் எழும்பும் பகுதியில் லிஃப்ட் குழியாக இருக்கும்.

நோட்டில் "பாத்திரம் 1" என்று எழுதும் இடத்தில் "ஆட்டுக்கல், கூட்டுப்புழு உண்டு" என்று எழுத இடம் இருந்தால், அதே அரை மணி நேர வேலைக்குப் பல மடங்கு பலன் கிடைக்கும். என் மனசில் பட்டதைச் சொல்கிறேன்: நம் ஊரில் ஆட்கள் நடக்கிற தூரத்துக்கு ஏற்ற பலன் வராமல் போவது இந்த நோட்டுப் பத்தியில்தான்.

இந்தக் கணக்கை நான் பெரிதாகப் பேசுவதற்குக் காலமும் ஒரு காரணம். மழை பெய்த அன்று முட்டை பொரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நாளில் கொசு பறக்கிறது. அது ஏற்கெனவே டெங்கு வந்த ஒருவரைக் கடிக்க வேண்டும். கடித்த பிறகு வைரஸ் கொசுவின் உடம்பில் பெருகி உமிழ்நீருக்கு வர எட்டு முதல் பன்னிரண்டு நாள். அதன் பிறகு அது கடித்த ஆளுக்குக் காய்ச்சல் வர நாலு முதல் பத்து நாள். எல்லாம் கூட்டிப் பார்த்தால் மழைக்கும் மருத்துவமனை வரிசைக்கும் நடுவில் குறைந்தது மூன்று வாரம், பெரும்பாலும் நாலு வாரம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிற நம் கரையில் நவம்பர், டிசம்பரில் காய்ச்சல் ஏறுவது இதனால்தான்.

மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்து வரும் எண்ணிக்கை முடிந்துபோன கதையைச் சொல்கிறது. அந்தக் காய்ச்சலுக்குக் காரணமான கொசு இரண்டு மூன்று வாரம் முன்பே பறந்துவிட்டது. புழுக் கணக்கு இன்னும் நடக்காததைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் 66 பேரும், 2017இல் 65 பேரும் டெங்குவால் இறந்ததாக அரசுக் கணக்கு. 2017இல் மாநிலத்தில் காய்ச்சல் வந்தவர்கள் மட்டும் 23,000க்கும் மேல். ஒரு தெருவில் முதல் நோயாளி படுக்கும்போது அங்கே ஓடிப்போய் புகை அடிப்பதைவிட, அந்தத் தெருவில் மூன்று வாரம் முன்னால் புழு ஏறியது என்று தெரிந்து அப்போதே ஆள் அனுப்பியிருந்தால் இறந்தவர்களில் சிலராவது உயிரோடு இருந்திருப்பார்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனவருக்கு இன்னொரு வகை வந்தால் ஆபத்து கூடுகிறது என்பதால், ஒவ்வொரு வருஷமும் விட்டுவைக்கிற கொசு அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துக் கடன் வைக்கிறது.

புகை பயனே இல்லாததா? நோயாளி உள்ள வீட்டைச் சுற்றி, வைரஸ் ஏறிய முதிர்ந்த கொசுவை உடனே கொல்ல அது வேண்டும்தான். ஆனால் அந்த நேரத்தில் பறக்கிற, புகை தொடுகிற கொசுவைத்தான் அது கொல்லும். ஏடிஸ் வீட்டுக்குள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது நாம் புகை வருகிறதென்று ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். புகை தண்ணீருக்குள் போகாது. மாலையில் அடித்த புகை கலைந்த பிறகு, மறுநாள் காலை கூட்டுப்புழுவிலிருந்து புதுக் கொசு வெளியே வரும். புகைவண்டி சத்தமாக வருவதால் வேலை நடக்கிறது என்ற திருப்தி நமக்கு வந்துவிடுகிறது. ஆட்டுக்கல்லுக்கு முன்னால் ஒருவர் குனிவது யாருக்கும் கேட்பதில்லை.

புழுவைக் கொல்லத் தொட்டித் தண்ணீரில் ஊற்றும் அபேட் மருந்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். டெமிபாஸ் என்பது அதன் வேதிப் பெயர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவுக்குள் இருந்தால் குடிநீரில் கலக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதன் வாடைக்குப் பயந்து, பணியாளர் தெருமுனை திரும்பியதும் தொட்டியைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புகிறவர்கள் உண்டு. நிரப்புவதற்கு முன் சுவரைத் தேய்த்தால் அதுவும் நல்ல வேலைதான். தேய்க்காமல் நிரப்பினால் மருந்தும் போய், முட்டையும் நனைந்து பொரிந்துவிடும். மருந்து பிடிக்காதவர்கள் தொட்டியை மூடலாம். பழைய வேட்டித் துணியை டிரம் வாயில் இழுத்துக் கட்டினால் போதும், நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொடக் கூடாது. மாடித் தொட்டியின் மூடி உடைந்திருந்தால் மாற்ற வேண்டும், வழிந்தோடும் குழாயின் வாயில் வலை கட்ட வேண்டும். பலகாரம் வைக்கும் அலமாரிக் கால்களுக்கு எறும்பு வராமல் தண்ணீர்க் கிண்ணம் வைப்பவர்கள் அதில் ஒரு கைப்பிடி கல் உப்பைப் போடட்டும். கிணற்றில் கப்பி மீன் விடலாம்.

பார்க்க முடியாத இடங்கள்தான் பெரிய தலைவலி. புதுச்சேரியில் முத்தியால்பேட்டை, குருசுக்குப்பம் பக்கம் நடந்து பார்த்தால், வெளிநாட்டில் குடியேறியவர்களின் பூட்டிய வீடுகள் தெருவுக்கு ஒன்றிரண்டு தென்படும். உள்ளே முற்றம் வைத்த வீடாக இருக்கும். மழை நேராக முற்றத்தில்தான் விழும், அங்கே ஒரு அண்டா கிடந்தால் கேட்பாரில்லை. சனி ஞாயிறு மட்டும் ஆள் வரும் விடுதி அறைகளின் குளியலறை வாளியும் அப்படித்தான். பார்க்க வரும் பணியாளர் நோட்டில் "பூட்டு" என்று எழுதிவிட்டு நகர்வார், அவரால் வேறு என்ன செய்ய முடியும்? நூறு வீட்டில் இருபது பூட்டிய வீடு என்றால், மீதி எண்பது வீட்டுக் கணக்கில் குறியீடு எவ்வளவு கீழே வந்தாலும் அந்த இருபது வீடு கணக்கின் வெளியே நின்றுகொண்டே இருக்கும். பூட்டிய வீட்டின் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்து வைப்பதும், மழைக்காலத்தில் வாரம் ஒருநாள் அவர்கள் உள்ளே போய்ப் பார்ப்பதும் பழைய வழக்கம்தான். அது விட்டுப்போயிற்று.

மாடி இன்னொன்று. புழு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒப்பந்தத்தில், தினக்கூலிக்கு வேலை செய்கிறவர்கள். வெயிலில் ஐம்பதாவது வீட்டுக்கு வரும்போது "மாடிக்கெல்லாம் போக வேணாம், மேல ஒண்ணும் இல்ல" என்று நாம் சொன்னால் அவரும் இறங்கிவிடுவார். அவர் குடிக்கக் கேட்கும் தண்ணீரைக்கூட வாசலில் வைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. நம் வீட்டுக் குழந்தை காய்ச்சலில் படுக்காமல் இருக்கத்தான் இவர் வெயிலில் நடக்கிறார் என்று தோன்ற வேண்டாமா?

அபராதத்தைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. பொது சுகாதாரச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுக்கவும் அபராதம் போடவும் வழி இருக்கிறது. கட்டுமான இடத்தில், கிடங்கில், டயர் கடையில் மறுபடி மறுபடி சொல்லியும் கேட்காதவர்களுக்கு அது தேவை. வீட்டுக்காரர்கள் மேல் அதை முதல் நாளே நீட்டினால் அவர்கள் தொட்டியைத் தேய்க்க மாட்டார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். புழு இருந்தால் சொல்லத் தயங்குகிற தெருவில் எந்தக் குறியீடும் சரியாக வராது. எங்கள் ஆட்டுக்கல்லைப் பார்த்துவிட்டு அந்த அம்மா ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் அம்மா அடுத்த வாரம் அவரை உள்ளே விட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

கோரிமேட்டு ஆராய்ச்சி மையத்தில் வேறொரு வேலையும் நடக்கிறது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை உடம்பில் கொண்ட ஏடிஸ் கொசுக்களை அவர்கள் உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்தார்கள். இந்தப் பாக்டீரியா உள்ள கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இப்படிப்பட்ட கொசுக்களை விட்டுப் பார்த்ததில், விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். அது நம் தெருவுக்கு வருவதற்கு அரசின் அனுமதிகள் வேண்டும். வந்த பிறகும் தெருவில் எந்தக் கொசு, எவ்வளவு, எந்தத் தொட்டியில் என்று யாராவது டார்ச்சோடு வந்து பார்த்து எழுதத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு அந்த அம்மா அடுத்தடுத்து மூன்று வாரம் வந்தார். சுவரில் ஒட்டிய அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். ஆட்டுக்கல் குழியில் மணல், அதன் மேல் எங்கள் அம்மா ஒரு துளசிக் கன்று வைத்திருந்தார். இரண்டு வாரம் நோட்டில் புழு இல்லை. மூன்றாவது வாரம், "மாடியப் பார்த்துரலாங்களா?" என்று கேட்டார். நான் முன்னால் ஏறினேன். தொட்டி மூடி சரியாக இருந்தது, குழாயில் வலை இருந்தது. புயலுக்கு ஜன்னலில் கட்டிவிட்டுக் கழற்றிச் சுருட்டிப் போட்ட தார்ப்பாய் மூலையில் கிடந்தது. அதன் மடிப்பை அவர் விரலால் விரித்தார். உள்ளங்கை அளவு தண்ணீர். டார்ச்சை அடித்தார்.

பாத்திரம் 10, புழு 1. அதற்குப் பக்கத்தில் நான் கேட்காமலேயே "தார்ப்பாய்" என்று எழுதினார்.